ஆயிரம் கண்ணாடி, ஒரு சால்வை

"அந்தப்புரத்துக்குள்ள ஆம்பளை வரக் கூடாது" என்று திரைக்குப் பின்னாலிருந்து பக்தாவர் பேகம் சொன்னபோது மீர் புர்ஹான் பணிவாகத் தலையாட்டினான். திரைக்குப் பின்னால் இருப்பவருக்குத் தலையாட்டல் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது.

"சரிங்க பேகம் சாகிபா. நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்னுக்கறேன்."

"அது கண்ணாடி மஹால். சுவரைப் பார்த்தா எங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாரையும் பார்த்த மாதிரி. ஒவ்வொருத்தியையும் ஆயிரம் தடவை."

"அப்ப தரையைப் பார்க்கறேன்."

"தரைக்குப் பளிங்கு போட்டு முகம் தெரியற மாதிரி இழைச்சு வச்சிருக்கான் என் தம்பி."

"கூரையை..."

"அங்கதான் ரொம்ப அதிகம்."

"கண்ணை மூடிக்கறேன்."

"மூடின கண்ணு எவ்வளவு நேரம் மூடியிருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றாள் பேகம்.

மதியம் வாசலில் நடந்த அந்தப் பேச்சை நினைத்துக்கொண்டபோது புர்ஹான் ஒரு காஷ்மீர் சால்வைக்குள் இருந்தான். தலையில் போட்டு, பாதம் வரை தொங்கவிட்டு, இடுப்பில் கயிறு கட்டியிருந்தார்கள். லாகூரின் பெரிய வீடுகளில் வைத்தியரை அந்தப்புரத்துக்குள் அழைத்துப் போகும் முறை அதுதான். வைத்தியருக்கு நாடி பிடிக்க ஒரு கை போதும். துப்பறிகிறவனுக்குக் கண் வேண்டும் என்பதைப் பேகத்துக்குப் புரியவைக்க அவனால் முடியவில்லை.

கயிற்றின் மறுமுனை துர்தானாவின் கையில் இருந்தது. கோட்டை அந்தப்புரத்தில் ஈட்டி பிடித்துக் காவல் நின்றவள் அவள். இப்போது புர்ஹானுக்கு உதவியாள். மனைவியும்கூட. இந்த இரண்டில் முதல் வேலைக்கு மட்டும்தான் சம்பளம் வருகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

"படி இருக்கு, மீர் சாகிப்" என்றாள்.

அவன் காலைத் தூக்கி வைத்தான். படி இல்லை. முழங்கால் வரை உடம்பு குலுங்கியது.

"கண்ணாடியில தெரிஞ்ச படி போல" என்றாள் துர்தானா. "எனக்கே தலை சுத்துது. நீங்க கொடுத்துவச்சவர்."

உள்ளே வளையல் சத்தம், பட்டுச் சரசரப்பு, யாரோ அடக்கிய சிரிப்பு. புர்ஹான் சத்தம் வந்த திசையில் குனிந்து சலாம் செய்து, பேகம் சாகிபாவின் ஆயுளுக்காக நீளமாக வாழ்த்தினான். அது தூண் என்று துர்தானா காதில் சொன்னாள். பேகம் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாளாம்.

விஷயம் இதுதான். பேகத்தின் தம்பி மிர்ஸா ஃபரீதூன் பேக்கின் ஒரே மகள் மாஹ்பாராவுக்குக் காலையில் நிக்காஹ் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை ஸொஹ்ராப் வெளிக்கூடத்தில் உறவினரோடு உட்கார்ந்து, எத்தனையாவது சர்பத் என்று தெரியாமல் குடித்துக்கொண்டிருந்தான். மாலைத் தொழுகைக்கு முன்னால் முகம் பார்க்கும் சடங்கு. மணமக்களை ஒரே முக்காட்டுக்குள் உட்காரவைத்து, நடுவில் கண்ணாடியை வைப்பார்கள். ஒருவர் முகத்தை மற்றவர் முதன்முதலாக அதில்தான் பார்க்க வேண்டும். மாஹ்பாராவின் தாய் அப்படிப் பார்த்த கண்ணாடி ஒன்று அந்த வீட்டில் இருந்தது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே தாய் போய்ச் சேர்ந்துவிட்டாள். கண்ணாடி மட்டும் மிச்சம். இன்று மதியம் பெட்டியைத் திறந்தால் அதைக் காணோம்.

வேறு கண்ணாடி வைத்துக்கொள்ளலாமே என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். அம்மா பார்த்த கண்ணாடி இல்லாமல் முக்காட்டைத் தூக்க மாட்டேன் என்று மாஹ்பாரா ஒரே பிடியாக இருந்தாள். முகம் பார்க்காமல் பெண்ணை அனுப்ப முடியாது. மாப்பிள்ளையோ விடிந்ததும் தன் குதிரைப்படையோடு காபூலுக்குப் புறப்பட்டாக வேண்டும். அங்கே போன படை எந்த வருஷம் திரும்பும் என்று தளபதிக்கே தெரியாது. சாயங்காலத்துக்குள் கண்ணாடி வராவிட்டால் அவன் தனியாகப் போவான். அவள் இங்கேயே இருப்பாள், பார்க்காத புருஷனுக்குக் காத்துக்கொண்டு.

அதற்கு அவளுக்குக் கொஞ்சமும் மனசில்லை. காலையில் சல்லடைக் கல் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஸொஹ்ராப் சிரித்ததைக் கேட்டிருந்தாள். அந்தச் சிரிப்புக்கு முகம் எப்படி இருக்கும் என்று பார்த்தே ஆக வேண்டும் என்று அவள் துர்தானாவிடம் முன்பே ரகசியமாகச் சொல்லியிருந்தாள்.

"பெட்டியைக் குடுங்க" என்றான் புர்ஹான்.

பெட்டிக்குள் மிச்சமிருந்த கண்ணாடிச் சட்டத்தை அவன் கையில் வைத்தார்கள். உள்ளங்கை அளவு. தடவிப் பார்த்தான். பொன். சுற்றிலும் கல் பதித்திருந்தது. நடுவில் விரல் காற்றில் நுழைந்தது.

"கல்லு என்ன கல்லு?"

"மாணிக்கம்" என்றாள் துர்தானா. "ஒண்ணுகூடக் குறையல."

"தங்கத்தையும் மாணிக்கத்தையும் விட்டுட்டு வெறும் கண்ணாடியை எடுத்துக்கிட்டுப் போயிருக்கான்."

"பைத்தியக்காரத் திருடன்."

"இல்ல. ரொம்ப நல்ல திருடன். யாருக்கும் நஷ்டம் வரக் கூடாதுன்னு பார்த்துத் திருடியிருக்கான். அப்ப வீட்டு ஆள்."

பக்தாவர் பேகம் எழுந்து நின்றது வளையலில் தெரிந்தது. கல்யாணக் கூட்டம் என்று விடியற்காலையிலிருந்தே வாசலில் காவல் வைத்து, உள்ளே வந்த யாரையும் வெளியே விடாமல் இருப்பதாகவும், சமையல்காரியின் மாவுப் பானை வரை தானே கைவிட்டுப் பார்த்துவிட்டதாகவும், வந்த விருந்தாளிகளில் தனக்குச் சந்தேகம் வந்தவர்களின் தலைப்பாகையைக்கூட அவிழ்த்துக் கட்டச் சொன்னதாகவும் அவள் கோபமாகச் சொன்னாள். மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு வழுக்கை என்பது அப்படித்தான் ஊருக்குத் தெரியவந்ததாம்.

"அப்ப கண்ணாடி வீட்டை விட்டுப் போகல" என்றான் புர்ஹான். "இந்த வீட்ல ஒரு கண்ணாடி கிடந்தா, யாருமே திரும்பிப் பார்க்காத இடம் எது?"

துர்தானா ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தாள். பிறகு அவள் பேசாமல் இருந்ததிலிருந்தே கூரையை நிமிர்ந்து பார்க்கிறாள் என்று புர்ஹானுக்குத் தெரிந்துவிட்டது.

"அதுக்குள்ளதான் நிக்கிறோம்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து மிர்ஸா ஃபரீதூன் பேக் உள்ளே வந்தார். வரும்போதே கவிதையோடு வந்தார். பேக் சாகிப் ஈரடிக் கவிதைகள் எழுதுவார். எதைப் பற்றியும் எழுதுவார். அவற்றைக் கேட்ட லாகூர்ப் புலவர்கள் முல்தானுக்குக் குடிபோய்விட்டார்கள் என்று துர்தானா சொல்வதுண்டு.

"கண்ணாடியே, நீ போனாய், காணவில்லை எங்கும்" என்றார் கனத்த குரலில். "கத்திரிக்காய் கூட, பார், கடையிலே தங்கும்."

பிறகு மணப்பெண்ணின் இடத்திலிருந்து ஒரு சின்னக் குரல், "வாஹ், அப்பாஜான்" என்றது. அந்த வீட்டில் அதைச் சொல்ல அவள் ஒருத்திதான் இருந்தாள்.

பேக் சாகிப் புர்ஹானைச் சுற்றி வந்து, தேடுவதெல்லாம் வீண் என்று விளக்கினார். இது குரங்கின் வேலை என்றார். இல்லையென்றால் காக்கை. காபூல் பக்கத்துக் காக்கைகளுக்குப் பளபளப்பான பொருள் மேல் ஆசை அதிகம் என்று எங்கோ படித்திருந்தார். இங்கே இருப்பது லாகூர்க் காக்கைதானே என்று துர்தானா கேட்டதற்கு, அதுவும் சரிதான் என்று ஒப்புக்கொண்டு, உடனே குரங்குக்குத் திரும்பினார். நின்றுகொண்டு ஏன் பேசுகிறாய், உட்கார் என்று தமக்கை இரண்டு தரம் சொல்லியும், கல்யாண வீட்டில் தகப்பனுக்கு உட்கார நேரமேது என்றார். அவர் கடந்து போனபோது சால்வைக்குள் ரோஜா மணம் வந்தது. கல்யாண வீட்டில் பன்னீருக்குப் பஞ்சமில்லை. ஆனால் இந்த மணத்தில் சர்க்கரை இருந்தது.

புர்ஹான் கயிற்றை இழுத்தான்.

"துர்தானா, சுவர்கிட்டப் போ. என்ன தெரியுது?"

"நான்தான் தெரியறேன்."

"எப்படி?"

"பாக்கு அளவுக்கு. ஒவ்வொரு சில்லுலயும் ஒரு துர்தானா. மூக்கு மட்டும் பெருசா, கன்னம் ஊதி, வாத்து மாதிரி. இப்படிப் பல ஆயிரம் வாத்து. ஆண்டவன் உங்களுக்கு இன்னைக்குச் சால்வையைக் குடுத்தான்."

புர்ஹான் சால்வைக்குள் சிரித்தான். இந்த மஹாலின் சில்லுகள் எல்லாம் ஊதிய கண்ணாடிக் குடத்தை உடைத்து எடுத்தவை. ஒவ்வொன்றுக்கும் சின்ன வயிறு உண்டு. அதனால்தான் ஒரு விளக்கு ஏற்றினால் அறை முழுக்க நட்சத்திரமாகத் தெரியும், முகம் மட்டும் வாத்தாகத் தெரியும். காணாமல் போனதோ ஹலப் தேசத்துக் கண்ணாடி. மேசை போலத் தட்டையானது.

"அப்ப சுவரோரமா நடந்துக்கிட்டே வா" என்றான். "எங்க உன் மூக்கு ஒழுங்கா இருக்கோ, அங்க நில்லு."

"இருக்கறதே ஒழுங்கான மூக்குதான்."

"அதைத்தான் தேடறோம்."

கயிறு நீண்டது. அவள் நடந்தாள். பேக் சாகிப் கூடவே நடந்தார். அந்தச் சுவரில் ஒன்றுமில்லை, இந்தச் சுவரைப் பாருங்கள் என்றார். பிறகு அந்தச் சுவருக்குப் போனபோது, வெளியே தோட்டத்தைப் பார்த்தீர்களா என்றார். குரங்கு பற்றி இன்னொரு கவிதை தொடங்கி, குரங்குக்கு எதுகை கிடைக்காமல் பாதியில் விட்டார்.

"ஐயோ, எறும்பு" என்றாள் துர்தானா. "படையே போகுது. ஆயிரக்கணக்கா."

"நிஜ எறும்பு எத்தனை? கண்ணாடிக்குள்ள இருக்கறது எத்தனை?"

"அதை எப்படிச் சொல்றது? கடிச்சது ஒண்ணு. அது நிஜம்."

"அதோட சொந்தக்காரங்க எங்க போறாங்கன்னு பாரு."

கொஞ்ச நேரம் அவள் வளையல் மட்டும் ஒலித்தது. பிறகு அதுவும் நின்றது. அவள் குரல் வந்தபோது அதில் கேலி இல்லை.

"மீர் சாகிப். நான் அழகா இருக்கேன்."

"அதைப் பத்தி வீட்டுக்குப் போய்ப் பேசலாம்."

"இல்ல. இந்த ஒண்ணுல மட்டும்."

கூட்டத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். சுவரில் சுண்ணச் சாந்தால் ஒரு பெரிய பூ. அதன் நடுவில் இருந்த வட்டச் சில்லைப் பெயர்த்து எடுத்துவிட்டு, அந்தக் குழியில் ஹலப் கண்ணாடியை ஒட்டியிருந்தார்கள். துர்தானா நகத்தால் நெம்பினாள். அது சாந்து போலப் பிடித்துக்கொள்ளாமல், இழுத்து, வழுக்கி, கையோடு வந்தது. பின்பக்கம் கருஞ்சிவப்பாக ஏதோ பிசுபிசுத்தது. அதில் எறும்புகள் கல்யாணம் கொண்டாடிக்கொண்டிருந்தன. அவள் விரலை நக்கிப் பார்த்தாள்.

"குல்கந்து" என்றாள். "நல்லா ஊறினது."

இத்தனை காலத்தில் புர்ஹான் தீர்த்த வழக்குகளில் சாட்சியத்தைத் தின்று பார்த்தது இதுதான் முதல் தடவை. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த வீட்டில் குல்கந்து யார் பொறுப்பில் இருக்கிறது என்று கேட்டான்.

பூட்டி வைத்திருப்பது தானே என்று பக்தாவர் பேகம் சொன்னாள். தம்பிக்கு இனிப்பே ஆகாது என்று ஹக்கீம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் சாவி அவள் இடுப்பை விட்டு இறங்குவதில்லை.

"அப்ப சாவி உங்க ஒருத்தர்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு" என்றான் புர்ஹான், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு. சால்வைக்குள் அந்தக் கடுமை வீணானது. மேலும் அவன் மறுபடியும் தூணைப் பார்த்துத்தான் கேட்டுக்கொண்டிருந்தான்.

பேகம் கொதித்துப் போனாள். தன் வயசுக்குச் சுவரில் ஏறி மிட்டாய் பூசுவேனா என்று கேட்டாள். ஒரு ஜாடி மட்டும் மாஹ்பாராவின் சீர்ப்பெட்டியில் வைக்கக் கொடுத்தது உண்மை என்றாள். சொல்லி முடித்ததும் தான் சொன்னதன் அர்த்தம் அவளுக்கே உறைத்தது. வார்த்தை பாதியில் தேய்ந்தது. எல்லா முகங்களும் மணப்பெண் பக்கம் திரும்பின. அறை முழுக்க அத்தனை முகமும் அத்தனை சில்லுகளிலும் திரும்பியதாகத் துர்தானா பிறகு சொன்னாள்.

மாஹ்பாரா தெளிவாகச் சொன்னாள்.

"நான்தான் எடுத்தேன், அத்தை."

அத்தை திண்டில் சாய்ந்தாள். யாரோ பன்னீர் கொண்டுவர ஓடினார்கள். ஏன் எடுத்தாய் என்று பேகம் கேட்டதற்கு மாஹ்பாரா, சும்மா எடுத்தேன் என்றாள். வெளியே சொன்னால் மாப்பிள்ளை வீட்டார் அந்த நிமிஷமே எழுந்து போய்விடுவார்கள் என்று அத்தை முனகினாள். தெரியும் என்றாள் மாஹ்பாரா.

புர்ஹான் சால்வைக்குள் யோசித்தான். காலையில் ஒரு சிரிப்பைக் கேட்டுவிட்டு, அதன் முகத்துக்காகத் தவித்துக்கொண்டிருக்கும் பெண், தானே கண்ணாடியை ஒளித்துவைப்பாளா? குல்கந்து ஜாடியின் பேச்சு வந்த பிறகுதானே இவள் ஒப்புக்கொண்டாள். ஜாடியிலிருந்து தினமும் ஒரு கரண்டியை, ஹக்கீமின் கண்டிப்பை மீறி, அவள் யாருக்கோ திருட்டுத்தனமாகக் கொடுத்துவந்திருக்கிறாள். இப்போது அந்த யாருக்காகவோ தன் கல்யாணத்தையே தூக்கிக் கொடுக்கிறாள்.

"பீபி, ஒரு கேள்வி" என்றான். "சுவர்ல ஏற்கெனவே இருந்த சில்லு எங்க?"

"எந்தச் சில்லு?"

"பூவோட நடுவுல இருந்தது. அதை எடுத்தாத்தானே இதை வைக்க முடியும். வெளிய போட்டா அத்தை கண்டுபிடிச்சிருப்பாங்க. எடுத்தவங்க அதை உடம்பிலேயே வச்சிருக்கணும். கூர்மையான சில்லு. அதை வச்சுக்கிட்டு மணிக்கணக்கா இப்படி மெத்தையில உட்கார்ந்திருக்க முடியாது. நீங்க காலையிலேர்ந்து உட்கார்ந்தே இருக்கீங்க. நான் இங்க வந்ததுலேர்ந்து ஒரு குரல் மட்டும்தான் உயரத்துலேர்ந்தே வருது."

"ஃபரீதூன்" என்றாள் பக்தாவர் பேகம் மெதுவாக. "உட்காரு."

"எனக்கு வேலை இருக்கு, அக்கா."

"உட்காரு."

அறுபது வயது ஆன பின்னும் அக்கா அந்தக் குரலில் சொன்னால் பேக் சாகிப்பின் முழங்கால் தானாக மடங்கும். மடங்கியது. திண்டின் மேல் அவர் இறங்கிய அதே கணத்தில் அவருடைய இடுப்புக் கச்சைக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து, அவர் இதுவரை எழுதிய எல்லாக் கவிதையையும்விட உணர்ச்சியுள்ள ஓர் ஒலி அவர் வாயிலிருந்து வந்தது.

பலத்த காயமில்லை. துர்தானா சில்லை எடுத்துக்கொடுத்துவிட்டு, பேக் சாகிப் இனி கொஞ்ச நாள் குதிரையில் நின்றுகொண்டுதான் போக வேண்டும் என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. மற்ற பெண்களையெல்லாம் பேகம் வெளியே அனுப்பினாள். கயிற்றில் கட்டிய புர்ஹானை மட்டும் எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவனும் தூணோடு தூணாக நின்றான்.

"அவளே எடுத்ததா சொல்றா" என்றார் பேக் சாகிப். "எனக்காகப் பொய் சொல்றா. பைத்தியம்."

கண்ணாடியை எடுத்தால் ஒரு நாள் தள்ளிப்போகும் என்று நினைத்தாராம். விடிந்தால் படை போய்விடும். அவள் இங்கேயே இருப்பாள். அவ்வளவுதான் யோசித்திருந்தார். அதற்கு மேல் யோசிக்க அவருக்குத் துணிவில்லை. உடைக்க மனசு வராமல்தான் சுவரில் வைத்தார். அது அவளுடைய அம்மாவின் கண்ணாடி.

மாஹ்பாரா எழுந்து வந்து அவர் எதிரில் உட்கார்ந்தது பட்டின் சத்தத்தில் தெரிந்தது.

"நான் போகக் கூடாதுன்னு கேக்கறீங்களா, அப்பாஜான்?"

"சேச்சே. நீ போகணும். அந்தப் பையன் நல்லவன். காலையிலேர்ந்து என் கவிதை எல்லாத்தையும் கேட்டுட்டான். எழுந்தே போகல."

"பின்ன என்ன வேணும் உங்களுக்கு? நிச்சயம் ஆன நாள்லேர்ந்து பார்க்கறேன். தினம் என் அறைக்கு வர்றீங்க. ஏதோ கேக்க வாயெடுக்கறீங்க. அப்புறம் சாப்பிட்டியான்னு கேட்டுட்டுப் போயிடறீங்க. சில நாள் நான் சாப்பிட்டுக்கிட்டே இருக்கும்போது கேட்டிருக்கீங்க."

வெளிக்கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் யாரோ உரக்கப் பேசினார்கள். மாலைத் தொழுகைக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. துர்தானா கண்ணாடியின் பின்பக்கத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். கை துடைத்துக்கொண்டே இருந்தாலும் காது அங்கேதான் இருந்தது என்று புர்ஹானுக்குத் தெரியும்.

"காபூல்ல திராட்சை நல்லா இருக்குமாமே" என்றார் பேக் சாகிப்.

"ஆமாம்னு சொல்றாங்க."

"குளிரும்."

"குளிரும்."

"எனக்குக் குளிர் ஒத்துக்கும். சின்ன வயசுல பதக்‌ஷான்ல இருந்தவன். பனியில படுத்துத் தூங்கியிருக்கேன். உன் அத்தைக்குத் தெரியும்."

"நீ படுத்த அன்னைக்கே காய்ச்சல் வந்துச்சு" என்றாள் பக்தாவர் பேகம். ஆனால் அவள் குரலில் பழைய கண்டிப்பு இல்லை. தம்பி எங்கே போய்க்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குப் புரிய ஆரம்பித்திருந்தது. அவளுக்கு அது பயமாகவும் இருந்தது. "ஃபரீதூன், பொண்ணைக் குடுத்த வீட்ல நம்ம ஆளுங்க ஒரு வாய் தண்ணிகூடக் குடிச்சதில்ல. நம்ம அப்பா என்னைப் பார்க்க வந்தா தோல்பையில தண்ணியோட வருவாரு. வாசல்லயே நின்னு குடிச்சிட்டுப் போவாரு. ஊரு என்ன சொல்லும்?"

"அதான் கேக்கல" என்றார் பேக் சாகிப்.

"எதை அப்பாஜான்?"

அவர் மூச்சை உள்ளே இழுத்தார். மறுபடியும் சாப்பிட்டியா என்றுதான் கேட்கப்போகிறார் என்று புர்ஹான் நினைத்தான். கயிற்றின் மறுமுனையில் துர்தானாவின் கை இறுகியது. மாஹ்பாரா அவசரப்படுத்தவில்லை. கன்னத்தில் கைவைத்தபடி, வெளியே தன் கல்யாணமே காத்துக்கொண்டிருக்கிறது என்பதை மறந்தவள் போல, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ போற இடத்துக்கு, மாஹ்பாரா" என்றார் அவர், "என்னையும் கூட்டிட்டுப் போறியா?"